ஊரியா, மீனா?

மட்டக்களப்பில் ஒருவர் இன்னொருவரை அறிந்துகொள்ள இரண்டு கேள்விகள் உண்டு. எழுவான்கரையா, படுவான்கரையா என்பது ஒன்று. என்ன குடி என்பது மற்றது. வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. இரண்டுக்கும் இடையில் சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது.

நான் கல்லடிப் பக்கத்தில் பிறந்தவன். அப்பா படுவான்கரையிலிருந்து வந்து அம்மாவின் வீட்டில் குடியேறியவர். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு வளவு பெண்பிள்ளைக்கு. குடியும் தாய்வழியே வரும். அதனால் அப்பாவின் குடி வேறு, என் குடி வேறு. தன் ஊர்க் கோயில் திருவிழாவில் அப்பா தன் குடியின் முறைக்குப் போய் நிற்பார். எங்கள் கோயிலில் நான் அம்மாவின் ஆட்களோடு நிற்பேன். அண்டை ஊர்களில் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு என்பது வெளியூராருக்குப் புதினமாக இருக்கும். 1960களின் இறுதியில் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்து தங்கி, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்தக் குடி முறையை விசாரித்து விசாரித்து எழுதினார். எங்கள் வீட்டு முற்றத்தில் பேசப்படும் விஷயத்தை ஒருவர் கடல் தாண்டி வந்து கேட்டு எழுதும் அளவுக்கு அதில் கேட்க என்ன இருக்கிறது என்று இளவயதில் நினைத்தேன். பிறகு அவர் எழுதியவற்றை வாசித்தபோது, எனக்குத் தெரிந்தது என்று நான் எண்ணியிருந்தவற்றில் பாதியை நான் ஒருபோதும் கேட்டே பார்த்ததில்லை என்று விளங்கியது.

நான் யார் என்ற கேள்விக்கு ஊர், கரை, குடி, மொழி என்று இத்தனை பதில்கள் பிறக்கும்போதே கிடைத்தன. ஆனாலும் என்னை ஒரு ஆளாக ஆக்கியது வேறொரு கேள்வி என்றுதான் இன்று சொல்வேன். எங்கள் வாவியில் பாடுவது எது?

அதை எனக்குள் போட்டவர் அம்மாவின் மூத்த அண்ணன். மாமா வாவியில் தொழில் செய்தவர். வீச்சுவலையும் ஒரு சின்னத் தோணியும் அவருடைய முதல். இறாலும் நண்டும் அகப்படும் காலத்தில் வீட்டில் சிரிப்பு இருக்கும், மற்றக் காலத்தில் கடன் இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் என்னைத் தோணியில் ஏற்றிக்கொள்வார். ஒரு வைகாசிப் பூரணை இரவு. காற்று அறவே இல்லை. பழைய கல்லடிப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தோணியை நிறுத்தி, துடுப்பின் அகலமான முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியை என் காதோடு வைத்தார்.

முதலில் என் இரத்தம் ஓடும் இரைச்சல்தான் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, அதற்குக் கீழிருந்து மெல்லிய ஒலி ஒன்று மேலே வந்தது. ஒரே குரல் அல்ல. ஒன்று இழுத்து ஓயும் இடத்தில் இன்னொன்று தொடங்கிவிடும். சில கனத்தவை, சில மிகவும் மெலிந்தவை. துடுப்பிலிருந்து காதை எடுத்தால் ஒன்றுமில்லை, வாவி வெறும் தண்ணீர். திரும்ப வைத்தால் பாட்டு.

“மாமா, இது மீனா?”

“ஊரி எண்டுதான் எங்கட அப்பா சொன்னவர், மருமகன்.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் பாக்கல்ல. துடுப்பால கேட்டதுதான். பாக்காததப் பாத்தன் எண்டு சொல்லப்படாது.”

மாமா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான முறை பற்றி எத்தனையோ விரிவுரைகள் கேட்டேன். ஒரு செய்தி எங்கிருந்து வந்தது, அதைச் சொன்னவர் கண்டவரா கேட்டவரா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தத் தோணியில் தொடங்கியது.

பிறகு நூலகத்தில் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதியதை வாசித்தேன். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அயர்லாந்துக்காரர் அவர். 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது இந்த ஒலியைப் பற்றிக் கேள்விப்பட்டு, இரவில் படகேறிப் போயிருக்கிறார். ஒலி தண்ணீரின் அடியிலிருந்து வருவதாகவும், ஓரிடத்தில் கூடி, இன்னோரிடத்தில் குறைந்து, சில இடங்களில் முற்றாக இல்லாமல் போவதாகவும், படகின் பலகையில் காதை வைத்தால் பெருகிக் கேட்பதாகவும் எழுதுகிறார். அவரோடு வந்த மீனவர்களிடம் விசாரித்திருக்கிறார். அவர்கள் சொன்னதும் ஊரி என்றுதான். சிப்பி, சங்கு இனத்துச் சிறு ஓட்டுயிர்களைக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விளக்கிச் சொல்வது கடினம். மாமாவின் அப்பா சொன்னது அவருடைய கற்பனை அல்ல. வாவியில் தொழில் செய்தவர்களிடையே நூறு வருடத்துக்கு மேல் மாறாமல் வந்த சாட்சி அது. அப்படியானால் மீன் என்ற பெயர் எப்போது மேலோங்கியது? பாடும் மீன் எங்கள் மாவட்டத்தின் அடையாளமாகிவிட்டது. மீன்பாடும் தேன்நாடு என்று மேடைதோறும் சொல்கிறோம். ஊரியை ஒருவரும் மேடையில் ஏற்றியதில்லை.

1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கி இந்த ஒலியைப் பதிவு செய்தார். அது வானொலியிலும் போனது. ஒலி உண்டு என்பதில் அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை. எழுப்புவது எது என்பதுதான் மிச்சம்.

நான் விஞ்ஞான ஆசிரியரானேன். முதல் நியமனம் படுவான்கரையில். எழுவான்கரைக்காரனுக்குப் படுவான்கரைப் பள்ளிக்கூடம் என்றால் அன்று பாதை ஏறவேண்டும். வெளியூர் வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்களிடம் பாதை என்பது வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையில் ஒன்று, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஒன்று, அம்பிளாந்துறையில் ஒன்று என்று பல இருந்தன. மேலே பலகை அடித்த மேடையில் சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக நிற்போம். அக்கரையில் கால் வைக்கும்வரை யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. நான் நிறைய வாசித்ததும் யோசித்ததும் அந்த மிதவையில்தான்.

ஆனால் அது போர்க்காலம். வாவிதான் எல்லை. 2007 வரை கிழக்குக் கரை ஒரு அதிகாரத்திலும் மேற்குக் கரையின் பெரும்பகுதி இன்னொரு அதிகாரத்திலும் இருந்தன. காலையில் ஒரு சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிப் பெயர், ஊர், எதற்குப் போகிறாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பாதை ஏறினால், அக்கரையில் அதே கேள்விகள் தமிழில் வரும். மாலையில் திரும்பும்போது ஒழுங்கு தலைகீழாகும். நீ யார் என்று ஒரே நாளில் நான்கு முறை கேட்கப்பட்டவன் நான். அந்தக் கேள்வியில் அறியும் ஆவல் கிடையாது. எந்தப் பெட்டிக்குள் போடலாம் என்ற அவசரம் மட்டும்தான் உண்டு. பதில் பிழைத்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். என் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் வராத பிள்ளைகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் கூடியது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு மனவலிமை இல்லை.

அந்த வருடங்களில் வாவியின் இரவும் எங்களிடமிருந்து போயிற்று. பொழுது பட்டபின் தோணி இறக்கத் தடை. அனுமதித்த நேரத்தில், அனுமதித்த இடத்தில்தான் வலை வீசலாம். மாமா போன்றவர்களுக்கு அது வயிற்றுப் பிரச்சினை. எனக்கு அதோடு இன்னொரு துயரமும் இருந்தது. அமைதியான நிலவு இரவில்தானே ஒலி நன்றாகக் கேட்கும்? மீன்பாடும் தேன்நாட்டில் பிறந்து, அந்தப் பாட்டை ஒருமுறையும் கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. பாடும் மீன் என்று கட்டுரை எழுதி அவர்கள் புள்ளி வாங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூடத் துடுப்பில் காது வைத்ததில்லை.

வகுப்பில் என்னால் செய்ய முடிந்தது சிறிது. ஒருநாள் காலை பாதைத் துறையில் மீனவர் ஒருவரிடம் உயிர்க் கெளுத்தி இரண்டு வாங்கி, வாளித் தண்ணீரோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். கெளுத்தியின் செட்டை முள்ளில் அகப்பட்டால் கை வீங்கிவிடும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், ஆகவே எல்லாரும் ஓரடி தள்ளி நின்றார்கள். துணியால் சுற்றி ஒன்றைத் தூக்கினேன். கொர், கொர் என்றது. வகுப்பு சிரித்தது. “எப்படிக் கத்துது? தொண்டையாலயா?” என்று கேட்டேன். ஒருவன் வாயைப் பார்த்தான், வாய் அசையவில்லை. இன்னொருத்தி செவுளைப் பார்த்தாள். கடைசியில் பின்வரிசைப் பையன் ஒருவன், வீட்டில் வலை தொழில் உள்ளவன், “சேர், பக்கத்து முள்ளு ஆடேக்கதான் சத்தம் வருது” என்றான். சரிதான். முள்ளின் அடி, அது பொருந்தியிருக்கும் எலும்புக் குழியில் உரசுவதால் அந்த ஒலி வருகிறது. வேறு பல மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து ஒலி எழுப்பும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். படத்தைவிட வாளியைத்தான் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று ஒரு பிள்ளை கேட்டது: “அப்ப சேர், எங்கட வாவில பாடுறது எது எண்டு கண்டுபிடிச்சிட்டாங்களா?”

“இல்ல புள்ள. திட்டமா இன்னும் ஆரும் நிறுவல்ல.”

“அப்ப ஏன் மீன் எண்டு புத்தகத்தில போட்டிருக்கு?”

அந்தக் கேள்விக்காக நான் அந்தப் பிள்ளையைப் பாராட்டினேன். சில மாதம் கழித்து ஒரு பொது அறிவுப் போட்டிக்கு வினாத்தாள் தயாரிக்கச் சொன்னார்கள். வாவியில் ஒலி எழுப்பும் உயிரினம் எது என்ற வினாவுக்கு, உறுதி செய்யப்படவில்லை என்று விடை எழுதிக் கொடுத்தேன். அதை வெட்டி மீன் என்று மாற்றிவிட்டார்கள். ஊரின் பெருமையை ஏன் குறைக்கிறீர்கள் என்று மேலிடத்தில் ஒருவர் கோபித்தார். ஊருக்குப் பெருமை அந்த ஒலி என்றேன், அதற்கு நாம் பொய்ச் சாட்சி சொல்லத் தேவையில்லை என்றேன். அவர் ஏற்கவில்லை. வினா அப்படியே போனது.

இந்த இடத்தில் சுவாமி விபுலாநந்தரை நினைக்காமல் இருக்க முடியாது. நாங்கள் அவரைச் சிலையாகவும் சமய பாடத்தில் ஒரு அத்தியாயமாகவும் ஆக்கிவிட்டோம். எனக்கு அவர் முதலில் ஒரு விஞ்ஞான ஆசிரியர். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். பிறகு இராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து 1924இல் துறவியானார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். துறவியா, பௌதிக ஆசிரியரா, தமிழறிஞரா? இந்தக் கேள்வி அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. அவரைப் பிடித்து வைத்திருந்தது வேறொரு கேள்வி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் சொல்லப்படும் யாழ் எப்படி இருந்தது, அதன் நரம்புகள் எந்தச் சுரத்தில் நின்றன? வழக்கொழிந்து போன ஒரு கருவியை, பாட்டில் உள்ள சில வரிகளையும் உரைகளையும் கொண்டு மீட்க முயன்றார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் என்று ஒவ்வொன்றாக எடுத்து, சுரங்களின் விகிதங்களைக் கணக்கிட்டு எழுதினார். பதினான்கு ஆண்டு உழைப்பு என்பார்கள். இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்தில் ஆங்கில இதழ் ஒன்றுக்கு ஆசிரியராக இருந்த நாட்களிலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார். சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த மனிதர் எங்கள் வாவியின் ஒலியையும் கேட்டிருக்கிறார். நீரர மகளிர் பாடுவதாகக் கற்பனை செய்து செய்யுள் எழுதினார். விகிதக் கணக்குப் போட்ட அதே கைதான் அதையும் எழுதியது. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. செய்யுளைச் செய்யுளாகத் தந்தார், கணக்கைக் கணக்காகத் தந்தார். நீரர மகளிர் பாடுகிறார்கள் என்று அவர் பரீட்சை வினாத்தாளில் எழுதச் சொல்லவில்லை. எங்களுடைய குழப்பமெல்லாம், பாட்டில் இருக்க வேண்டியதை விடைத்தாளுக்கும் விடைத்தாளில் இருக்க வேண்டியதைப் பாட்டுக்கும் மாற்றிப் போடுவதால் வருவது.

2004 டிசம்பர் 26. கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள நாவலடி மணல்திட்டைச் சுனாமி அலை ஏறிக் கடந்து வாவிக்குள் வந்தது. எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள்! மாமாவின் தோணி போயிற்று. உயிர் தப்பினார். நிவாரணமாக வேறொரு தோணி கிடைத்தது, ஆனால் பழைய உற்சாகம் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கரையில் இருப்பார். “இப்பவும் பாடுமா மாமா?” என்று கேட்டேன். “கேட்டாத்தானே தெரியும்” என்றார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தை நான் வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து இரவுதான். தடை எதுவும் இல்லாத வாவி. நிறைய இரவுகள் போயிருக்கிறேன். சில இரவுகள் ஒன்றுமே கேட்காது. பழைய இடத்தில் கேட்காதது தெற்கே வேறொரு இடத்தில் கேட்கும். 1924இல் கட்டிய சீமாட்டி மனிங் பாலம் இன்றும் நிற்கிறது, பக்கத்திலேயே 2013இல் திறந்த புதிய பாலம். பேருந்தும் லொறியும் ஓடும் அதிர்வு தூண்கள் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. துடுப்பில் காது வைத்தால் முதலில் கேட்பது டயர்களின் இரைச்சல்தான். இரவிரவாக மின்விளக்கு தண்ணீரில் விழுகிறது. நகரத்துக் கழிவும் வந்து சேர்கிறது. மாரியில் வெள்ளம் பெருகினால் முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலோடு இணைப்பார்கள், வாவியின் உப்புத்தன்மை சட்டென்று மாறும். இதில் எது அந்த உயிரைப் பாதிக்கிறது, எது பாதிக்கவில்லை என்று சொல்வதற்கு முதலில் அந்த உயிர் எது என்று தெரியவேண்டும்.

தெரிந்துகொள்ள முடியாத விஷயம் அல்ல இது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ குடாவில் சோசலிட்டோ என்ற சிற்றூர் உண்டு. அங்கே படகு வீடுகளில் குடியிருந்தவர்கள் 1980களில் கோடை இரவுகளில் பெரிய ரீங்காரம் கேட்டுத் தூக்கம் கெட்டார்கள். கழிவுநீர் இயந்திரம் என்றார்கள், கடற்படையின் இரகசிய வேலை என்றார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, அது ஒரு சாதாரண மீன். ஆண் மீன், கல்லுக்கடியில் கூடு வைத்துக்கொண்டு, பெண் மீனை அழைப்பதற்குத் தன் காற்றுப்பையை மணிக்கணக்கில் அதிரவைக்கும் ஒலி. அவர்களிடம் நீருக்கடியில் இறக்கும் ஒலிவாங்கி இருந்தது, கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். அந்த ஊர் பிறகு அந்த மீனுக்கு விழாவே எடுத்தது. உண்மை தெரிந்ததால் அவர்களுடைய பெருமை ஒரு முழம்கூடக் குறையவில்லை.

எங்கள் வாவியிலும் அதற்கு வசதி உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லடியில் விபுலாநந்தர் பெயரிலேயே இசையும் நடனமும் கற்பிக்கும் நிறுவகம் இருக்கிறது. விலங்கியல் படிக்கும் பிள்ளையும் இசை படிக்கும் பிள்ளையும் ஒரே தோணியில் ஏறினால் என்ன? ஒருவர் உயிரைத் தேடட்டும், மற்றவர் சுரத்தைக் குறிக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் உள்ள பூரணைகளில் ஒரு நாளாவது பிள்ளைகளை வாவிக்குக் கூட்டிச் செல்லுங்கள். உயிர்காப்பு அங்கி போட்டு, அனுபவப்பட்ட வலைகாரர் ஒருவரோடு போங்கள். பாலத்தை விட்டு விலகி நில்லுங்கள். துடுப்பில் ஒவ்வொருவராகக் காது வைக்கட்டும். கேட்டால் கேட்டது என்றும் கேட்காவிட்டால் கேட்கவில்லை என்றும் எழுதட்டும். அதோடு திகதி, நேரம், இடம், தண்ணீரின் ஆழம், காற்று, முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கொப்பி ஒன்றும் பென்சிலும் போதும். நான் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைத் தேவைப்படும் எந்தப் பிள்ளைக்கும் தருவேன்.